காலத்துக்கு ஏற்ப மதம் மாறணுமா? தாராவி விளக்கு பூஜையில் தொடங்கிய ஒரு நீண்ட இழை

ஜூலை 28, 2025 – வாஷியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கோயில் மாறணும், சடங்கு மாறணும் என்கிறார்கள். இவர்களை உள்ளே விடு, அவர்களை உட்கார வை. ஊர் உலகம் ஓடுகிறது என்று மதமும் பின்னாலேயே ஓடினால் அது மதமா, ஜிம்கானா கிளப்பா? ஜிம்கானாவில்தான் வருஷா வருஷம் கமிட்டி கூடி விதியை மாற்றுவார்கள். இதில் என்ன தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

ஜூலை 29, காலை – என் பதில்

எங்கள் அம்மன் கோயிலிலும் வருஷா வருஷம் கமிட்டி கூடித்தான் விதியை மாற்றுகிறது. நீங்கள் பார்த்ததில்லை போல.

தாராவி 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் இருக்கிறது கோயில். தோல் வேலைக்கும் அதைச் சுற்றிய வேலைகளுக்கும் வந்த எங்கள் தாத்தா தலைமுறை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிடிமண் எடுத்துவந்து வைத்தது. ஊரில் கொடை, அதாவது அம்மன் கோயில் திருவிழா, என்றால் செவ்வாய்க்கிழமை. இங்கே செவ்வாய்க்கிழமை யார் லீவு தருவார்? சனி, ஞாயிறு ஆயிற்று. ஊரில் சாமக்கொடை நடுராத்திரி. வில்லுப்பாட்டு உச்சத்துக்குப் போய் சாமி இறங்குகிற நேரம் அது. இங்கே பத்து மணிக்கு மேல் மைக் ஓடினால் போலீஸ் வரும். ஆகவே சாமக்கொடை ஒன்பதரைக்கு. அம்மனும் ஒன்பதரைக்கே இறங்கப் பழகிவிட்டாள். கிடா வெட்டுக்குச் சந்தில் இடமில்லை, பூசணிக்காயில் முடிகிறது. கும்பம் மூன்று தெரு சுற்றும், நடுவில் குடிசைச் சீரமைப்புத் திட்டத்து எஸ்.ஆர்.ஏ. கட்டடம் எழும்பியதும் ஒன்றரைத் தெருவோடு திரும்பிவிடுகிறது.

இத்தனை மாறியபோதும் மதம் போயிற்றே என்று ஒருத்தரும் அழவில்லை. மைக்குக்காகச் சாமத்தையே நகர்த்திய அதே கமிட்டிதான் இந்த வருஷம் நோட்டீஸில் அச்சடித்திருக்கிறது: "ஆடிக் கடைசி வெள்ளி, ஆகஸ்ட் 15, மாலை 6 மணி, திருவிளக்கு பூஜை. சுமங்கலிகளும் கன்னிப் பெண்களும் மட்டும். கட்டணம் ரூ. 201."

என் மதினி, அண்ணன் மனைவி, கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தப் பூஜையில் உட்கார்ந்தவள். அண்ணன் போனபின் உட்காரவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். கோயில் குத்துவிளக்குகளைப் புளியும் பீதாம்பரியும் போட்டுத் தேய்ப்பதும் வருஷா வருஷம் அவள்தான். இந்த வருஷமும் செயலாளர் போன் போட்டார், "விளக்கெல்லாம் எப்பம்மா தேய்க்கப் போறீங்க?" என்று.

தேய்க்கலாம், ஏற்றக் கூடாது. வாஷிக்காரரே, உங்கள் ஜிம்கானாவில்கூட இப்படி ஒரு விதி இருக்காது.

ஜூலை 29, இரவு

டோம்பிவிலியிலிருந்து ஒருவர்: "காலம் காலமாக வருவதை உங்கள் குடும்பத்து விஷயத்துக்காக மாற்ற முடியாது."

காலம் காலமாகவா? என் ஆச்சி ஊரில் இப்படி வரிசையாக உட்கார்ந்து விளக்கு பூஜை செய்ததே கிடையாது. அவள் காலத்தில் கொடை, முளைப்பாரி, பொங்கல், அவ்வளவுதான். எங்கள் கோயிலில் இது வந்தது நான் பள்ளிக்கூடம் போகும்போது. முதல் தடவை எப்படி உட்காருவது, குங்குமத்தை எந்த விரலில் எடுப்பது என்று யாருக்கும் தெரியாமல், மாட்டுங்காவில் பார்த்துவிட்டு வந்த ஓர் அக்கா சொல்லிக்கொடுத்தார். நான் பார்க்க வந்த பூஜை. எனக்கு அதைவிட வயசு அதிகம்.

ஜூலை 31

மாட்டுங்கா மாமா ஒருவர், கோயில் விதிகளைச் சொல்லும் ஆகமத்தை எடுத்திருக்கிறார். பதிலை நீட்டவில்லை. எங்கள் கோயில் கூரை தகரம். பூசாரி காலையில் இட்லி விற்கிறார், குளித்துவிட்டு வந்து தீபம் காட்டுகிறார். எந்த ஆகமத்தில் இதற்கு இடம்?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அம்மனுக்குப் பக்கத்தில் இசக்கி நிற்கிறாள், இடுப்பில் பிள்ளையோடு. இசக்கிக்குப் புருஷன் எங்கே? எங்கள் பக்கத்துக் கதைகளில் அவள் நம்பியவன் கையாலேயே செத்துத் தெய்வமானவள். நோட்டீஸில் போட்ட விதிப்படி அவளையே பூஜையில் உட்கார வைக்க முடியாது. கண்ணகியையும் வாசலிலேயே நிறுத்த வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 2

எதிர்பார்த்ததுதான்: "இந்துக் கோயிலைப் பற்றி மட்டும் வாய் கிழியும். ஹாஜி அலி தர்காவைப் பேசுங்களேன்."

பேசலாம். எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விடவில்லை என்றால் அம்மா நேர்ந்துகொள்ளும் இடங்களில் அதுவும் ஒன்று. மாஹிம் மாதா கோயிலில் புதன்கிழமை நொவேனா, ஹாஜி அலியில் வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை நம்ம அம்மன். மும்பைத் தமிழ் வீடுகளில் இது சகஜம். அலை இறங்கும் நேரம் பார்த்து அந்தக் கல்பாதையில் நடந்து போவோம். அம்மா உள்ளே கல்லறைவரை போய்ச் அதன்மேல் போர்த்திய சாதர் துணியைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறாள். நானும் கூடவே.

தர்கா 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெண்கள் உள்ளறைக்குள் வரக் கூடாது என்ற தடை வந்தது 2011–12 வாக்கில். பாரதிய முஸ்லிம் மகிளா ஆந்தோலன் என்ற அமைப்பின் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2016 ஆகஸ்ட் 26இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை செல்லாது என்றது. அக்டோபரில் தர்கா அறக்கட்டளை உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது, நவம்பர் கடைசியில் பெண்கள் மறுபடி உள்ளே போனார்கள்.

இதில் எது பழைய வழக்கம், எது புதுசு? பெண்கள் போனது பழசு. தடுத்ததுதான் ஸ்மார்ட்போன் காலத்து வேலை. "காலத்துக்கேற்ப மாறாதே" என்று அப்போதே யாராவது அறக்கட்டளையிடம் போய்ச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்களுக்குக் கோர்ட் செலவு மிச்சம்.

அதனால்தான் இந்தக் கேள்வியில் எனக்கு ஒட்டவில்லை. மாறலாமா கூடாதா என்று பேசுகிறோம். அது பாட்டுக்கு மாறிக்கொண்டுதான் இருக்கிறது. லீவுக்கு மாறுகிறது, மைக்குக்கு மாறுகிறது, பில்டருக்கு மாறுகிறது. என் மதினி என்று வரும்போது மட்டும் கல்லாகிவிடுகிறது. யாருக்காக வளைகிறது, யாரிடம் விறைக்கிறது என்று பாருங்கள்.

ஆகஸ்ட் 2, கொஞ்சம் கழித்து

"ஷெட்டில் இருக்கும் கோயிலை வைத்து மதத்தையே எடை போடுகிறீர்கள்" என்றவருக்கு: ஆமாம். எனக்குக் கிடைத்தது அதுதான்.

ஆகஸ்ட் 4

"இதெல்லாம் பட்டணத்துப் பெண்கள் பேச்சு, கிராமத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள்" என்று முலுண்டிலிருந்து ஓர் அக்கா.

கொல்ஹாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்று ஒரு கிராமம். 2022 மே மாதம் அங்கே கிராமப் பஞ்சாயத்து ஒரு தீர்மானம் போட்டது: புருஷன் செத்தால் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது, தாலியை அறுப்பது எதுவும் இனி ஊரில் கிடையாது. கோவிட் காலத்தில் சாவு பார்த்துச் சலித்த ஊர். மகாராஷ்டிர அரசு அதே மாதம் சுற்றறிக்கை விட்டு மற்றப் பஞ்சாயத்துகளையும் பின்பற்றச் சொன்னது. கரும்பு வெட்டுகிற ஊர்க்காரர்கள் செய்ததை எங்கள் கமிட்டியால் செய்ய முடியவில்லை. கமிட்டியில் பி.காம். படித்தவர்களும் இருக்கிறார்கள்.

நம்ம ஊர்ப் பக்கமும் உண்டு. ஈரோடு மாவட்டத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்கு வரக் கூடாது என்று கணவனை இழந்த ஒரு பெண்ணைத் தடுத்தார்கள். பூசாரியாக இருந்தவருடைய மனைவி அவர். 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெண்ணுக்கென்று தனி மதிப்பு உண்டு, அவள் கல்யாண நிலையை வைத்து அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்கிற அர்த்தத்தில் தீர்ப்பு.

ஆகஸ்ட் 7

நேற்று தாதர் கபூதர்கானாவில், புறாக்களுக்குத் தீனி போடும் அந்த இடத்தில், மாநகராட்சி போட்டு மூடிய தார்ப்பாயைக் கூட்டமாக வந்து கிழித்தார்களே, பார்த்தீர்களா? நான் பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கட்டைப் பையோடு தானியம் போட வந்தவர்கள் ஒரு பக்கம், மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்கள் ஒரு பக்கம், யார் ஜெயித்தாலும் கவலையில்லை என்று புறாக்கள் மேலே கம்பியில்.

தீனி போடுவது ஜைனர்களுக்கும் குஜராத்திகளுக்கும் ஜீவதயை. எச்சத்தூசி நுரையீரலுக்குக் கெடுதி என்பது டாக்டர்கள் வாதம். தீனி போடுகிறவர்கள்மேல் வழக்குப் போடச் சொன்னது உயர் நீதிமன்றம். என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஆஸ்துமா, ஜன்னலில் வலை அடித்திருக்கிறார். நான் மூச்சு விடுகிறவர்கள் பக்கம்தான். ஆனால் கிழவிகள் தானியப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு போலீஸிடம் கெஞ்சியதைப் பார்த்தபின் வீட்டுக்கு வந்து சும்மா இருக்க முடியவில்லை. "மாறு" என்று சொல்கிறவன் கையில் எப்போதும் லாரியும் தார்ப்பாயும் இருக்கிறது.

2003 ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டில் 1950ஆம் ஆண்டு உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசிதட்டி, கோயில்களில் கிடா, கோழி வெட்டக் கூடாது என்று கண்டிப்பாக உத்தரவு போட்டார்கள். ஊரில் சுடலைமாடன் கொடைக்குப் போயிருந்த சித்தப்பா, சாமிக்கு முன்னால் தயிர்சாதம் படைத்தார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டார். நாகரிகம், ஜீவகாருண்யம் எல்லாம் பேசினார்கள். கசாப்புக் கடைகள் பாட்டுக்கு நடந்தன. மாடனுக்கு மட்டும் கறி கிடையாது. 2004இல் சட்டத்தையே திரும்பப் பெற்றார்கள். அங்கே "காலத்துக்கேற்ப மாறு" என்று சொன்னது மேலே இருந்தவர்கள், மாற வேண்டியிருந்தது ஏழைகளின் சாமி.

ஆக, மாற்றம் என்றாலே எளியவன் பக்கம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகஸ்ட் 8

ஜொராஸ்ட்ரிய மதத்துப் பார்சிகள் மாறியது சமூகப் பார்வை மாறியதால்தானே என்று கேட்ட அந்தேரித் தம்பிக்கு.

மலபார் ஹில் டூங்கர்வாடியில் பிணத்தைக் கழுகுக்கு விடுவது அவர்கள் முறை. மண்ணும் நெருப்பும் தண்ணீரும் தீட்டுப்படக் கூடாது. ஆனால் கழுகு எங்கே? மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் மருந்து செத்த மாட்டின் வழியாகக் கழுகுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இந்தியாவில் வெண்முதுகுக் கழுகு 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். போன கழுகு வரவில்லை. வெயிலைக் குவிக்கும் சூரியத் தகடுகளை வைத்தார்கள். ஜூலை, ஆகஸ்டில் மும்பையில் வெயிலா?

2015இல் வொர்லி மின் மயானத்தில் பார்சிகளுக்கென்று பிரார்த்தனைக் கூடம் வந்தது. தகனத்துக்குப் பிரார்த்தனை செய்ய மாட்டோம் என்ற புரோகிதர்கள் உண்டு, செய்தவர்களும் உண்டு. ரத்தன் டாட்டாவுக்கும் 2024 அக்டோபரில் வொர்லியில்தான் தகனம்.

இதில் சமூகப் பார்வை மாறிற்று, அதனால் மதம் மாறிற்று என்று எதுவும் இல்லை. வானம் காலியாயிற்று. அவ்வளவுதான். 2011 கணக்கில் நாடு முழுக்க 57,264 பேர். அதிலும் வெளியே கல்யாணம் செய்த பெண்ணின் பிள்ளை பார்சியா இல்லையா என்று இன்னும் கோர்ட்டில் சண்டை. அப்பா பார்சி என்றால் பிள்ளையும் பார்சி, 1908 பம்பாய்த் தீர்ப்பிலிருந்தே. அம்மா மட்டும் பார்சி என்றால் கேள்வி. அங்கேயும் கதவு யாரிடம் விறைக்கிறது பாருங்கள்.

ஆகஸ்ட் 10

"சட்டம் போட்டு மாற்றக் கூடாது, உள்ளிருந்து வரணும்." இது மூன்று பேர். மூன்று பேரும் ஆண்கள்.

இந்த வாக்கியத்துக்கு இந்த ஊரில் வயசு ரொம்ப. ருக்மாபாய் கதை தெரியுமா? பம்பாய்ப் பெண். பதினொரு வயசில் கல்யாணம் செய்துவைத்தார்கள், வளர்ந்தபின் புருஷன் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். 1884இல் அவன் கோர்ட்டுக்குப் போனான். 1887இல் நீதிபதி, போய்ச் சேர் இல்லாவிட்டால் ஆறு மாதம் ஜெயில் என்றார். ஜெயிலுக்கே போகிறேன் என்றாள். கடைசியில் பணம் கொடுத்துச் சமரசம். அப்புறம் லண்டன் போய் டாக்டராகித் திரும்பி வந்தாள்.

அந்தச் சூட்டில்தான் 1891இல் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கும் சட்டம் வந்தது. பத்திலிருந்து பன்னிரண்டு! அதற்கே திலகர் எதிர்ப்பு. அந்நிய அரசு நம் சமூகத்தில் கை வைக்கக் கூடாது, உள்ளிருந்து வரணும். இரண்டே வருஷத்தில், 1893இல், வீட்டுக்குள் இருந்த பிள்ளையாரை அவரே தெருவுக்குக் கொண்டுவந்து பொது விழாவாக்கினார். கிர்காவில் கேசவ்ஜி நாயக் சால் என்ற குடியிருப்பில் அந்த வருஷத்திலிருந்தே நடக்கிறது. வீட்டு விரதத்தைப் பந்தலுக்கு மாற்றலாம், பத்து வயதைப் பன்னிரண்டாக்கக் கூடாது.

உள்ளிருந்து மாறட்டும் என்று காத்திருந்து பார்த்தவரும் ஒருவர் உண்டு. 1930 மார்ச்சில் நாசிக் காளாராம் கோயில் வாசலில் ஆயிரக்கணக்கானவர்களோடு அம்பேத்கர் சத்தியாகிரகம் தொடங்கினார். வருஷக்கணக்கில் நடந்தும் கதவு திறக்கவில்லை. 1935இல் யேவலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்றார். 1956இல் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தத்துக்குப் போனார். கதவைப் பூட்டி வைத்தவர்களுக்குக் கோயில் மிஞ்சியது, ஜனம் போயிற்று. எங்கள் தெருவிலேயே பாதி வீட்டில் நீல நிற அம்பேத்கர் படம் இருக்கிறது, அவர்கள் எங்கள் கொடைக்கு வரி தருவதில்லை, ஏன் தர வேண்டும்?

மதுரையில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனார். உள்ளிருந்து வந்த மாற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் பின்னாலேயே அரசாங்கம் சட்டம் போட்டுப் பாதுகாப்புத் தர வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 12

மதினியைப் பார்க்கப் போனேன். இந்த இழையில் அவளுக்காக இத்தனை எழுதியிருக்கிறேன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று முலுண்ட் அக்கா குத்தியிருந்தார்.

விளக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாம்பாளம் நிறைய ஊறிய புளி. ஒவ்வொரு விளக்கின் கழுத்தையும் பழைய டூத் பிரஷ்ஷால் நிமிண்டி எடுக்கிறாள். அங்கேதான் போன வருஷத்துக் குங்குமம் எண்ணெயோடு இறுகி நிற்கும். தேய்த்ததைப் பேப்பரில் கவிழ்த்து வைத்திருந்தாள், அடியில் எழுதிய உபயதாரர் பேர் தெரியும்படி. எங்கள் அண்ணன் பேரும் ஒன்றில் இருக்கிறது.

கமிட்டியில் பேசப் போகிறேன், நீயும் வந்து உட்கார் என்றேன்.

"ஏளா, என்னைய விட்ரு. நான் போயி உக்காந்தா பூசைய யாரு பாப்பா? எல்லாவளும் என்னையத்தான் பாப்பாளுவ."

"பார்த்தால் பார்க்கட்டும்."

"உனக்கென்ன, நீ எழுதிட்டுப் போயிருவ. மறுநா தண்ணிக் குழாய்ல நிக்கப் போறது நானு."

கொஞ்ச நேரம் தேய்த்தாள். அப்புறம், "அந்தச் செயலாளர் தம்பி வந்து வாங்கன்னு ஒரு வார்த்த கூப்பிட்டா வருவேன். நானா போயி உக்கார மாட்டேன். கூப்பிடாத எடத்துக்கு ஒங்க அண்ணன் இருந்தப்பவே போனதில்ல."

இதற்கு என்ன பதில்? ஹேர்வாட், ஹாஜி அலி, அம்பேத்கர் எல்லாம் எனக்குக் கையில் இருந்தது, ஒன்றும் எடுபடவில்லை. அவள் கேட்பது உரிமை இல்லை, மரியாதை. ஒரு தீர்ப்பு கதவைத் திறந்துவிடும், வாங்க என்று கூப்பிடாது. கூப்பிட ஆள் வேண்டும். அதே சமயம், கூப்பிடட்டும் என்று காத்திருக்கச் சொல்வதும் கமிட்டிக்குத்தான் வசதி. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். நேற்றுவரை இவ்வளவு குழப்பமில்லை.

ஆகஸ்ட் 13

"பெண்களுக்கு மட்டும் என்று நீங்கள் வைத்திருக்கிறீர்களே, அதில் எங்களை விடுவீர்களா?"

கேட்டவர் ஓர் ஆண். ஔவையார் நோன்பைச் சொல்கிறார். நெல்லை, நாஞ்சில் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்: செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆம்பிளைகள் தூங்கியபின் பெண்கள் மட்டும் கூடி உப்பில்லாத கொழுக்கட்டை அவித்துக் கும்பிடுவது. ஆண் குழந்தைகூட எட்டிப் பார்க்கக் கூடாது, கொழுக்கட்டை தின்னக் கூடாது. தப்பினால் தை, மறந்தால் மாசி, அசந்தால் ஆடி என்று மூன்று மாதத்துக்கும் சொலவடை உண்டு. எங்கள் பத்துக்குப் பத்து ரூமில் அப்பாவை எங்கே அனுப்புவது? ரயில்வே ஸ்டேஷனில் போய்ப் படுத்துவிட்டு விடிந்ததும் வருவார்.

உங்களை விட வேண்டும் என்றால் விடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. உப்பில்லாத கொழுக்கட்டையைத் தின்றுவிட்டு நீங்களே ஓடிவிடுவீர்கள். ஆனால் இதையும் அதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நோன்புக்கு வெளியே நின்ற எங்கள் அப்பாவை ஊரில் யாரும் அபசகுனம் என்று சொல்லவில்லை. காலையில் அவர் முகத்தில் முழித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனோம்.

ஆகஸ்ட் 16

நேற்று நடந்ததைக் கேளுங்கள்.

சுதந்திர தினம், லீவு நாள், நல்ல கூட்டம். சந்து முழுக்கத் தார்ப்பாய் கட்டி வாழையிலை போட்டு இரண்டு வரிசை. கமிட்டியில் முந்தின நாள் நான் பேசியது: "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா, நோட்டீஸ் அடிச்சாச்சு." தலைவர் அண்ணாச்சி கெட்டவர் இல்லை, நோட்டீஸ் என்றால் அவருக்குச் செப்பேடு.

ஆறரை ஆயிற்று, பூஜை தொடங்கவில்லை. வருஷா வருஷம் 108 போற்றி சொல்லும் டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மைக்கில் "ஓம்" என்று தொடங்கினால் காற்றுதான் வருகிறது. செல்போனில் போடலாம் என்றார் ஒருவர். போட்டால் நடுவில் விளம்பரம். அப்போது வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாடைக்காரம்மாவைச் செயலாளர் பார்த்துவிட்டார். மேல்மருவத்தூர் மன்றத்தில் வாராவாரம் போற்றி சொல்பவர், குரல் சயான் ஸ்டேஷன்வரை கேட்கும். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது, அது சந்து முழுக்கத் தெரியும்.

"சக்தி, கொஞ்சம் வந்து சொல்லுங்களேன்."

வந்தார். நடுவில், மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அவருக்கு ஒரு விளக்கும் வைத்தார்கள், கும்பத்துக்கு முன்னால் விளக்கில்லாமல் எப்படிச் சொல்வது? அவரே ஏற்றினார். 108ம் தடுக்காமல் கணீரென்று. ஒருத்தி முகம் சுளிக்கவில்லை. மருவத்தூரில் எந்த நாளானாலும் எந்தப் பெண்ணானாலும் கருவறைக்குள் போய்ப் பூஜை செய்யலாம் என்று பங்காரு அடிகளார் வைத்த வழக்கத்தில் பழகியவர் அவர். தாராவியில் ஒரு விதியை உடைத்தோம் என்றே அவருக்குத் தெரியாது. முடிந்ததும் பையை வாங்கிக்கொண்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

ராத்திரி மதினியிடம் சொன்னேன். சிரித்தாள். "அவியளுக்குத் தொண்ட இருக்கு, கூப்பிட்டாவ. எங்கிட்டப் புளிதான் இருக்கு."

ஆகஸ்ட் 19

சயான்–குர்லா நடுவில் தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் நின்றுவிட்டது, ஆபீஸ் போகவில்லை. ஆகவே வாஷிக்காரருக்குப் பதில் எழுத நேரம் இருக்கிறது.

"ஒரு நாள் அவசரத்துக்கு நடந்ததை வைத்து விதி மாறிவிட்டது என்று சொல்லாதீர்கள்" என்கிறார். நான் மாறிவிட்டது என்று சொல்லவே இல்லை. சாமக்கொடையும் முதலில் ஒரு வருஷ அவசரத்துக்குத்தான் ஒன்பதரைக்கு வந்தது. ஏதோ எலெக்‌ஷன் சமயம், போலீஸ் கெடுபிடி. மறு வருஷம் யாரும் பன்னிரண்டு மணிக்குத் திரும்பவில்லை. எங்கள் கோயிலில் விதிகள் பிறக்கிற இடம் அதுதான், யாரும் உட்கார்ந்து தத்துவம் பேசி எழுதுவதில்லை. பயம் எனக்கு வேறு. அடுத்த வருஷம் டீச்சருக்குத் தொண்டை சரியாகிவிட்டால்?

அவர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: எல்லாவற்றுக்கும் வளைந்துகொடுத்தால் கடைசியில் என்ன மிஞ்சும்? நியாயமான கேள்வி, கேலி செய்ய மாட்டேன். எனக்கும் சாமக்கொடை போனதில் வருத்தம் உண்டு. ஒன்பதரைக்கு எதிர்வீட்டு டி.வி. சீரியல் சத்தத்துக்கு நடுவில் சாமி ஆடுவதும், ஊரில் நடுராத்திரி பந்த வெளிச்சத்தில் ஆடுவதும் ஒன்றில்லை. ஊரில் அந்த உடுக்கைச் சத்தத்துக்கு எனக்கு அடிவயிறு கலங்கும். இங்கே கலங்கவில்லை. அதைத் திருப்பித் தர வழியிருந்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். மதினி விளக்கேற்றுவதால் அந்த மாதிரி எதுவும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 28

பிள்ளையார் வந்தாயிற்று. இந்த வருஷம் ஆறடிக்குள் இருக்கும் சிலைகளைச் செயற்கைக் குளத்தில்தான் கரைக்க வேண்டும், பெரியதை மட்டும் கடலில் விடலாம் என்று ஜூலையில் உயர் நீதிமன்ற உத்தரவு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரையாது, சாயம் மீனைக் கொல்லும். மண்டல் என்கிற பெரிய விழாக் குழுவுக்குக் கடல், ஏழை வீட்டுப் பிள்ளையாருக்குத் தொட்டி. கிங்ஸ் சர்க்கிள் ஜி.எஸ்.பி. மண்டலில் இன்னும் களிமண்தான், பழைய முறையில் நின்றவர்களுக்கே இந்த விஷயத்தில் பிரச்சினை இல்லை. வாஷிக்காரருக்கு இது சந்தோஷமாக இருக்கும், எழுதி வைக்கிறேன்.

நேற்று மோதகத்தோடு கமிட்டி கூடியது. தை வெள்ளி பூஜைக்கு நோட்டீஸில் "பெண்கள் அனைவரும்" என்று போடத் தலைவர் அண்ணாச்சி சம்மதித்துவிட்டார். காரணம் என் வாதம் இல்லை, இந்த வருஷம் விளக்குகள் மிச்சமாகி வசூல் குறைந்ததாம். செயலாளரை மதினி வீட்டுக்கு நேரில் போய்க் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். போகிறேன் என்றார்.

சண்டை இப்போது, பூஜையில் உட்காருகிறவர்களுக்குக் கொடுக்கும் பையில். எண்ணெய், திரி, குங்குமம், பூ, வளையல், மஞ்சள் கயிறு, ரவிக்கைத் துணி. பொருளாளர், இரண்டு விதமாகப் போட்டுவிடலாம் என்கிறார்: கயிறும் வளையலும் இருக்கும் பை ரூ. 201, இல்லாதது ரூ. 171. நான், எல்லாருக்கும் ஒரே பை, கயிறு வேண்டியவர்கள் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்றேன். மதினியிடம் போனில் சொன்னால், "கேட்டு வாங்குறவ யாரு, வாங்காதவ யாருன்னு அங்கயே தெரிஞ்சு போகுமே. எல்லார் பையிலயும் போடு. வேண்டாதவ சூலத்துல கட்டிட்டுப் போறா" என்கிறாள். பொருளாளர் கயிறு என்ன விலை என்று மாட்டுங்கா மார்க்கெட்டில் விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.